மங்களம் பாடுன பொறவு ஒரு பெனால்டி

செத்த கிட்ட வந்து உக்காருங்க, நாடகத்துக்குச் சீன் கட்டுறவன் பொழப்பு தூரத்துல இருந்து பாத்தா சீமைப் பட்டு, கிட்ட வந்து பாத்தாத்தான் ஒட்டுப்போட்ட துணி. ராசபாளையத்துல நாப்பது வருசமா எனக்கு இந்தப் படுதாத் தொழில்தான். கோயில் கொடைக்குப் பந்தல் போட்டவுக, மைக்செட் கட்டுனவுக, விழாக் கமிட்டிகிட்டப் பேச்சு வாங்குனவுக எல்லாரும் என் சோட்டு ஆளுகதான். ஒங்களுக்குத்தான் இந்த வயித்தெரிச்சல் புரியும்.

காட்டுல ஒரு மைதானம்

பட்டாளத்துல இருந்து ஓய்வு வாங்கி வந்த அவில்தார் வேலுச்சாமி ஒரு நாள் வந்து நின்னாரு. "அண்ணாச்சி, ஒரு நாடகம் எழுதியிருக்கேன். நம்ம நாட்டுக் கால்பந்து டீமும் அதோட மேனேஜரும்தான் கதை. மைதானம் சீன் ஒண்ணு வேணும்"னாரு. என்கிட்ட இருக்கது தர்பார், தெரு, காடு, சுடுகாடு. மைதானத்துக்கு நான் எங்க போக?

கதையக் கேட்டேன். பெரிய போட்டி, கடைசியில பெனால்டி. உதைக்கவன் வெளிய அடிச்சிருதான், நாடு தோத்துருது. அம்புட்டுப் பேரும் அவனை ஏசுதாங்க. மேனேஜர் மட்டும் கிட்டப் போயி ஆறுதலா எட்டு வரி பேசுதாரு. அதோட முடிஞ்சது. மேனேஜர் வேசம் அவில்தாருக்கே. அந்த எட்டு வரிய மட்டும் எனக்கு ரெண்டு தரம் சொல்லிக் காட்டுனாரு.

சரின்னு காட்டுச் சீனைத் தொங்கவிட்டு, முன்னால மூங்கில்ல கோல்போஸ்ட் நட்டு, மீன் வலையக் கட்டுனேன். படுதாவுல ஒரு புள்ளிமான் நிக்கும். அதை மறைக்க வழியில்ல. அவில்தார் இடுப்புல கை வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. நான் பாராட்டுவாருன்னு நிக்கேன். அவர் சொன்னது: "மான் இருக்கட்டும் அண்ணாச்சி. ஆனா அது ஆஃப்சைடுல நிக்குதே." பந்தாட்டத்துல நிக்கக்கூடாத எடத்துக்கு அப்படிப் பேராம்.

வத்திராயிருப்புப் பக்கம்

மொத நாடகம் வத்திராயிருப்புக்குப் பக்கத்துல ஒரு கொடையில. பெனால்டி உதைக்க வேண்டியது டைலர் கண்ணன். அவன் பந்தை வச்சு நாலடி பின்னால போறான், கமிட்டித் தலைவர் சால்வையோட மேடையேறிட்டாரு. மேனேஜருக்குப் பொன்னாடை. பொறவு கோல்கீப்பருக்குப் பொன்னாடை. பொறவு கமிட்டித் தலைவருக்குத் துணைத்தலைவர் பொன்னாடை. அதுவரைக்கும் கண்ணன் ஒத்தக் காலைத் தூக்கிக்கிட்டு கொக்கு மாதிரி நின்னான்.

அவிய எறங்குனதும் கண்ணன் வெளிய அடிக்கப் போனான். கூட்டம் மொத்தமா எந்திரிச்சு, "ஏலே, உள்ள அடிடா!"ன்னு ஒரு சத்தம். கோல்கீப்பர் வெளிநாட்டு டீமு. ஆனா ஆளு உள்ளூரு. பயந்துபோயி ஒதுங்கி வழி விட்டுட்டான். பந்து உள்ள போச்சு, வேட்டு போட்டாங்க, நாடு செயிச்சிருச்சு. அவில்தார் எட்டு வரியையும் வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு நிக்காரு.

பொறவு நான் தலைவர்கிட்டப் போயி, கதைப்படி தோக்கணுமேன்னு கேட்டேன். அவர் என்னை ஏற எறங்கப் பாத்துட்டுச் சொன்னாரு: "கொடைக்கு வந்து தோல்வியில முடிச்சா ஊருக்கு ஆகுமாய்யா? எந்த ராசா கதையா இருந்தாலும் எங்க ஊர்ல பட்டாபிசேகத்தோடதான் முடியும்."

நாலு உதை

ரெண்டாவது எங்க ராசபாளையத்துலயே. மேல தூக்கி அடிச்சிருன்னு கண்ணனுக்கு அவில்தார் பத்துத் தரம் சொல்லியிருந்தாரு. கண்ணனும் அடிச்சான். பந்து பந்தலுக்கு மேல போச்சு. கூட்டம் ஒத்துக்கிடல. "ரெஃப்ரி, திரும்ப அடிக்கச் சொல்லு!"ன்னாங்க.

ரெஃப்ரி யாருங்கீக? நம்ம கோமதி. ஊரு ஊரா நாடகத்துல பாடி ஆடுறவ. மேனேஜர் பொஞ்சாதி வேசத்துக்கு வந்தா, ஆள் பத்தலன்னு விசிலையும் அவ கழுத்துல மாட்டி விட்டோம். பாவம், ஊதித்தானே ஆகணும்? ரெண்டாவது உதை வெளிய. மூணாவது வெளிய. நாலாவது உதைக்கு மொத வரிசையில நாலஞ்சு பேர் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டாங்க. பந்து வலைக்குள்ள போச்சு. அவில்தார் கண்ணனைப் புடிச்சு உலுக்குனாரு. அவன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான்: "மாமா, நான் தையக்காரன். இதே தெருவுல நாளைக்கும் கடை தொறக்கணும்."

பந்தைக் கொண்டுபோன பெருமாள்

மூணாவது, அய்யனார் கோவில் போற ரோட்டுல ஒரு தோப்பு. இங்க கூட்டம் அமைதி. கண்ணனும் தைரியமா வந்தான். பந்தை வச்சான். வெள்ள வெளேர்னு ஒரு வேட்டை நாயி மேடைக்கு ஏறுச்சு, பந்தைக் கவ்வுச்சு, தென்னைக்குள்ள போயிருச்சு. இன்னொரு பந்து கொண்டு வரல. புத்திசாலிக் கூட்டம்லா நாங்க! வேற வழியில்லாம கற்பூரத்தைக் கொளுத்தி, கோமதி மங்களம் பாடுனா. மங்களம் பாடிட்டா நாடகம் தீந்தது, பொறவு சாமியே வந்து கூப்புட்டாலும் ஒருத்தரும் உக்காரமாட்டாக. நாய்க்காரர்கிட்டப் பந்தைக் கேட்டா, அம்புட்டுப் பெருமையாச் சொல்லுதாரு: "பெருமாள் ஆளைக் கடிக்கமாட்டான் அண்ணாச்சி. பந்தை மட்டும் தரமாட்டான்."

ஸ்ரீவில்லிபுத்தூர்

சாமான் வண்டியில வரும்போது நான் பொலம்புனேன். "எட்டு வரிதான? போற போக்குல சொல்லிட்டு வரவேண்டியதுதான?" கோமதிதான் வெசயத்தைச் சொன்னா. அவில்தார் மகன் முத்துராசு பள்ளிக்கூடத்துல நல்லா பந்து வெளையாடுனவனாம். ஒரு போட்டியில கடைசி உதைய வெளிய அடிச்சிட்டான். லீவுல வந்திருந்த அப்பன், மைதானமே பாக்க, "நீ எனக்குப் பொறந்தவனாலே?"ன்னு கேட்டுட்டாரு. அன்னைக்குப் பேச்சை நிறுத்துனவன்தான். இப்ப ஸ்ரீவில்லிபுத்தூர்ல குடும்பம், மில்லுல வேலை. கடைசி நாடகம் அவன் தெருவுக்குப் பக்கத்துலதான். "நான் போயி வரச் சொல்லிட்டேன், அண்ணாச்சி"ன்னா கோமதி. ஸ்ரீவில்லிபுத்தூர் போனதும் மொத வேலையா நான் ஒரு புதுப் பந்து வாங்குனேன்.

அங்கயும் கமிட்டி வந்துருச்சு. "நாடு செயிக்கணும். மங்களமா முடிக்கணும்"னு கறாரா சொல்லிட்டாங்க. அவில்தார் கோட்டு மாட்டிக்கிட்டு, பெட்டி மேல தலையத் தொங்கப்போட்டு உக்காந்திட்டாரு. முத்துராசு கூட்டத்துக்குக் கடைசியில பைக் மேல சாஞ்சு நிக்கான். கோமதி கை காட்ட, நான் படுதா ஓட்டை வழியாப் பாத்துட்டேன்.

கண்ணன் பந்தை வச்சான். கோமதி விசில் ஊதல. உள்ள வந்து கற்பூரத்தட்டை எடுத்துட்டுப் போயி, நடு மேடையில நின்னு மங்களம் பாட ஆரம்பிச்சிட்டா! போச்சுடான்னு நான் படுதாக் கயித்த அவுக்கப் போனேன். முழுசாப் பாடி, கமிட்டிக்குத் தட்டைக் காட்டி, துன்னூறு குடுத்துட்டு மைக்கைப் புடிச்சா. "மங்களம் பாடியாச்சு. நாடு இதுவரைக்கும் தோக்கல, ஊருக்கு ஒரு கொறையுமில்ல. இனி நாங்க சும்மா பந்து வெளையாடப் போறோம். பாக்குறவுக பாக்கலாம்." கமிட்டி ஆளுக துன்னூறைப் பூசிக்கிட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க. பாதிக் கூட்டமும் போயிருச்சு. பைக் நவுறல.

விசில். கண்ணன் அடிச்சான், பந்து எங்கயோ போச்சு. அவில்தார் வந்தாரு. இத்தன நாள் நெஞ்சுல சுமந்த எட்டு வரியும் மறந்துபோச்சு! திருதிருன்னு முழிக்காரு. பொறவு கண்ணனைப் பாக்காம, அந்தப் பைக்கைப் பாத்து, "ஏலே, பந்துதானலே... நான் சொன்னதுதான் தப்பு. வீட்டுக்கு வா, சாப்புடலாம்"னாரு. கண்ணன் வேற நடுவுல, "சரி மாமா"ன்னான். எனக்கு அவனை அறையலாம்னு வந்தது.

முத்துராசு மெதுவா நடந்து வந்து மேடையேறுனான். அப்பனும் மகனும் எதுக்க எதுக்க நிக்காக. கோமதி பந்தை எடுத்துட்டு வந்து அவன் காலடியில வச்சா. அவன் பந்தைப் பாத்தான், கோல்போஸ்டைப் பாத்தான், என் படுதாவைப் பாத்தான். பொறவு அப்பன் பக்கம் திரும்பிக் கேட்டான்: "ஏம்ப்பா, அந்த மான் ஆஃப்சைடுல நிக்குதே?"

சீன் கட்ட ஒருத்தன், வசனத்தை மறக்க ஒருத்தன், ஒரே உதையில வலையோட சேத்து என் மானையும் கிழிக்க ஒருத்தன்னு ஆம்பளைக நாங்க ஆளாளுக்கு ஒண்ணு செஞ்சோம், கோலுன்னு விசில் ஊதுனது கோமதிதான்.