ஆர்லீனின் இரண்டு செகண்ட்

நான் குடிப்பதில்லை. தூக்க மாத்திரை போடுவதும் இல்லை. கேட்கிற எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். போன மார்ச் பதினொன்றாம் தேதி, அதிகாலை 2:40. ஒக்லஹோமாவில், நான் படுத்துத் தூங்கிய வீட்டில் நடந்தது. நம்பாதவர்கள் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

டெல்பர்ட் எனக்கு இரண்டாவது கணவன். அவனுக்கு நான் இரண்டாவது மனைவி. முதல் மனைவி ஆர்லீனைப் பறிகொடுத்துவிட்டு பக்கத்து மாநிலம் அர்கன்சாவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தவன். "திடீர்னு போயிட்டா" என்று கண்ணைத் துடைப்பான். எங்கள் சர்ச்சில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நானும் கொடுத்தேன். கல்யாணம் ஆகிவிட்டது.

வீட்டுப் பாதுகாப்பில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவனே சொன்னதுதான். காரேஜில் இரும்புப் பெட்டி நிறையப் பதினொரு துப்பாக்கி. வாசலில், 'உள்ளே வந்தால் போலீஸைக் கூப்பிட மாட்டோம்' என்று ஒரு பலகை. இத்தனைக்கும் அந்த வீட்டுக்கு வந்த ஒரே திருடன் ஒரு ரக்கூன், பூனையைவிடக் கொஞ்சம் பெரிய காட்டுப் பிராணி. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, கோழி எலும்பைத் தின்றுவிட்டுப் போனது. அந்தப் போர்க்கதையை டெல்பர்ட் நாற்பது நிமிஷம் சொல்வான்.

பன்னிரண்டாவது துப்பாக்கி கட்டிலில் இருந்தது. தலைமாட்டுப் பலகையில் திருகிய தோலுறை, அதற்குள் சின்ன ரிவால்வர். ஆறு குண்டு. எங்கள் இரண்டு தலையணைக்கும் நடுவே.

"அது ஆர்லீனோடது" என்றான், முதல் ராத்திரியே.

அவள் போட்டோவைச் சுவரில் மாட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது என்ன, கட்டிலில் மூன்றாவது ஆள்?

மாதத்தின் முதல் ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் ஒத்திகை. குண்டுகளை எடுத்துப் போர்வைமேல் வரிசையாக வைப்பான். நான் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். "திருடன்!" என்று கத்துவான். துப்பாக்கியை உருவிக் கதவைக் குறி பார்க்க வேண்டும். அவன் கையில் ஸ்டாப்வாட்ச்.

"நாலரை செகண்ட், ரோண்டா கண்ணு."

"போன மாசத்துக்கு இது தேவலையே?"

"ஆர்லீன்னா ரெண்டு செகண்ட்."

"அவ தூங்கவே மாட்டாளா என்ன?"

அவன் சிரிக்கவில்லை. குண்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவன் இல்லாத மதிய வேளைகளில் நான் தனியாகப் பழகினேன். ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை, தலையில் சுருள் கிளிப்போடு, செத்துப்போனவளோடு பந்தயம். மூன்று செகண்டுக்குக் கீழே இறங்கவே முடியவில்லை. என் வயிறு எரிந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் திடுக்கென்று விழித்தேன். கடிகாரத்தில் 2:40. என் பக்கத்து மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர். நிறையத் தண்ணீர். நீலப்பூப் போட்ட டம்ளர். எங்கள் சமையலறையில் அப்படி ஒன்று கிடையாது.

காலையில் கேட்டேன். "ராத்திரி தண்ணி கொண்டுவந்து வெச்சியா டெல்?"

"நான் எதுக்கு வைக்கப்போறேன்?"

டம்ளரைக் காட்டினேன். அவன் காபியைக் கீழே வைத்தான்.

"அது... ஆர்லீனோடது. பரண்ல அட்டைப்பெட்டியில இருக்கணும்." டம்ளரைத் தொடாமலே, "அவளுக்கு ராத்திரியில தாகம் எடுக்கும்" என்றான்.

அரைத்தூக்கத்தில் பழைய பெண்டாட்டிக்கு உபசாரம் செய்திருக்கிறான், மறைக்கிறான் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். தினமும் 2:40. தினமும் என் பக்கம். கட்டில் அவளுடையது, துப்பாக்கி அவளுடையது, இப்போது தாகமும் அவளுடையதா?

மார்ச் பத்தாம் தேதி டம்ளரைச் சுவரில் அடித்து உடைத்தேன். சில்லுகளைக் கூட்டி வெளிக்குப்பையில் கொட்டினேன். மனசு குளிர்ந்தது. படுத்தேன்.

விழித்தபோது 2:34.

மேசையில் டம்ளர் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு தாகம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. டெல்பர்ட் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். விளக்கைப் போடாமல் சமையலறைக்குப் போனேன். மூன்று டம்ளர் குடித்தேன்.

திரும்பும்போது நடைவழியில் கால் நனைந்தது.

தரையெல்லாம் தண்ணீர்...

எனக்கு முன்னால், இருட்டில், ஈரக் காலடிச் சத்தம்.

சளக்... சளக்...

படுக்கையறைக்குள் போனது.

குறட்டை நின்றது.

நான் அறை வாசற்படியில் கால் வைத்தேன். தரைப்பலகை கிறீச்சிட்டது.

டப். தோலுறையின் பொத்தான்.

"டெல், நான்தா—"

டிக்.

டிக். டிக்.

விளக்கைப் போட்டேன். டெல்பர்ட் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ரிவால்வர் என் நெஞ்சுக்கு நேராக. அவன் என்னைப் பார்க்கவில்லை. என் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீலப்பூ டம்ளர். ஒரு கீறல் இல்லை. நிறையத் தண்ணீர்.

அடியில் ஆறு குண்டு.

அந்த மாத ஒத்திகை முடிந்து அவன் குண்டு போட்டதை நான் பார்த்தேன். டம்ளர் வரத் தொடங்கியதுமே நான் தனியாகப் பழகுவதை விட்டுவிட்டேன்; அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியை யாரும் தொடவில்லை.

அன்றைக்கே வீட்டைவிட்டுக் கிளம்பினேன். ஏப்ரலில் ஆர்லீனின் தங்கை வில்மாவைத் தேடிப்பிடித்து அர்கன்சாவுக்குப் போன் போட்டேன். முதலில் என் வயிற்றெரிச்சலைத்தான் கேட்டேன்.

"உங்க அக்கா ரெண்டே செகண்ட்ல துப்பாக்கிய எடுப்பாங்களாமே?"

வில்மா உடனே மறுத்தாள்.

"அக்கா ஆயுசுக்கும் துப்பாக்கியத் தொட்டதில்லம்மா. படுக்கையறையில வைக்காதன்னு அவனோட சண்டை போட்டுக்கிட்டே இருந்தா. ஒருநாள் ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா. திரும்பி வரப்போ வாசல்லயே... திருடன்னு நெனச்சிட்டானாம். விபத்துன்னு எழுதிட்டாங்க. துப்பாக்கியக்கூடத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு நாப்பது. கையில டம்ளர் இருந்துச்சு, ஒடையல. நீலப்பூப் போட்டது." வில்மா மூக்கை உறிஞ்சினாள். "அந்த முட்டாள், போலீஸ்கிட்டயே பெருமையா சொன்னான். தரைப்பலகை கிறீச்சுன்னதுலேர்ந்து சுடுற வரைக்கும், ரெண்டே செகண்டாம்."