இந்தக் கண்ணு ஏன் மங்கலா இருக்குது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில், காவிரிப் படித்துறையில், கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். மண்டையைப் பிளக்கும் வெயில். வெளியில் வைத்து ஒருவரைப் படம் எடுக்க இதைவிட மோசமான நேரம் கிடையாது. தெரியாதா எனக்கு? தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அன்றுதான் லீவு, அப்போதுதான் கோயிலில் தரிசனம் முடிந்திருந்தது.

படம் கலாவதிக்கு. மைசூரில் எங்களுக்கு அடுத்த வீடு, சொந்த ஊர் கொள்ளேகால். நஞ்சன்கூட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் பதினாறு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர், இப்போது சூப்பர்வைசர். சூப்பர்வைசர்களின் படத்தை கேட் பக்கத்து போர்டில் மாட்டுவார்களாம். மறுநாள் காலையில் போட்டோ கொடுக்க வேண்டும்.

இதில் என்ன கஷ்டம்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் கலாவதிக்கு இடது பக்கம் முகவாதம் வந்தது. பெரும்பாலும் சரியாகிவிட்டது. இடது வாயோரம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். இடது கண் இமை மெதுவாகத்தான் மூடும். அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அவர் போட்டோவுக்கு நின்றதில்லை. மேடை ஏறுவார், கவரைக் கொடுப்பார், இறங்கிவிடுவார்.

"ஸ்டுடியோ வேண்டாமுங்கண்ணா. அங்க போனா பக்கவாட்டுல திருப்பி உட்கார வெச்சர்றாங்க. நீங்களே எடுங்க" என்று கேட்டிருந்தார்.

முதலில் வெயிலைப் பார்த்து நிற்க வைத்தேன். கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். சரி என்று மர நிழலுக்கு மாற்றினேன். பின்னால் ஆறு பளபளவென்று மின்ன, முகம் கரித்துண்டு மாதிரி விழுந்தது. கலாவதியின் கணவர் பழனிசாமி வாட்ச்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் கால் ஒரு இடத்தில் நிற்காது... நாலு படி ஏறினேன், மூன்று படி இறங்கினேன்.

பகலில் எதற்கு ஃப்ளாஷ் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குத்தான். பின்னால் வெளிச்சம் அதிகமாக இருக்கும்போது, முகத்துக்குக் கொஞ்சம் — கொஞ்சமே கொஞ்சம் — வெளிச்சம் கொடுத்தால் போதும், குழி நிரம்பிவிடும். பையிலிருந்து ஃப்ளாஷை எடுத்து மாட்டினேன். க்ளிக்.

வலது கண் மூடியிருந்தது. இடது கண் பாதி திறந்திருந்தது. கண்ணடிப்பது மாதிரி ஒரு படம். இன்னொன்று எடுத்தேன், அதுவும் அப்படியே. ஐந்து படம், ஐந்தும் அப்படியே.

கலாவதி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "போதுமுங்கண்ணா. ஆதார் கார்டுல இருக்கிற போட்டோவையே கொடுத்தர்றேன்."

தப்பு அவருடையது இல்லை. ஆட்டோவில் வைத்தால் என் ஃப்ளாஷ், வெளிச்சத்தை அளக்க முன்கூட்டியே ஒரு முறை சின்னதாக மின்னும். சிலருக்கு அதற்கே இமை மூடிவிடும். படம் விழும்போது கண் இருக்காது. இது தெரிந்தும் பதற்றத்தில் மறந்திருந்தேன். மேனுவலுக்கு மாற்றி, பவரைக் குறைத்தேன். "ஒண்ணே ஒண்ணும்மா. முகத்தை மட்டும் லேசா இடது பக்கம் திருப்புங்க."

இந்த முறை கண் திறந்திருந்தது. தோல் நிறம் தோல் நிறமாகவே இருந்தது. பின்னால் ஆறு கரைந்து அழகாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. கேமராவைக் கலாவதியிடம் நீட்டினேன்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார்.

"இந்தக் கண்ணு ஏன் மங்கலா இருக்குது?"

இடது கண்.

"அதும்மா... லென்ஸை நல்லாத் திறந்து வெச்சு எடுத்தா, கிட்ட இருக்கிற கண் ஷார்ப்பா வரும். தள்ளி இருக்கிறது லேசா மங்கும். அது அப்படித்தான்."

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அவர் முகத்தைத் திருப்பச் சொன்னது யார்? வலது கண்ணில் ஃபோகஸ் வைத்தது யார்? ஸ்டுடியோக்காரர் செய்ததையே நானும் செய்திருந்தேன், இன்னும் விலை உயர்ந்த லென்ஸை வைத்துக்கொண்டு.

கலாவதி என்னைப் பார்த்தார். "அப்ப இந்தக் கண்ணைக் கிட்ட வெச்சுக்கலாமா?"

எனக்கு முன்னால் பழனிசாமி பதில் சொன்னார். "அது பேடா, வேண்டாம் கலா. இதே நல்லாத்தான் இருக்குது. போர்டுல எல்லாரும் பாப்பாங்க."

"தினமும் அறுபது பேரு இந்த மூஞ்சியப் பாத்துத்தானுங்க வேலை செய்யறாங்க. போர்டுல மட்டும் வேற ஆளா?"

பழனிசாமி ஆற்றைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, மனைவியின் தோளிலிருந்த கைப்பையைக் கழற்றித் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

கலாவதி முகத்தை வலது பக்கம் திருப்பினார். அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பைக் குறைத்தேன், இரண்டு கண்ணும் தெளிவாக வர வேண்டும் என்று. அதனால் வெளிச்சம் குறையுமே? ஃப்ளாஷ் கிட்டத்தில் விழ ஓரடி முன்னால் போனேன். ஃபோகஸ் புள்ளியை இடது கண்ணின் மேல் வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார், வாய் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. அதையும் எடுத்தேன். அவர் தேர்ந்தெடுத்தது அந்தச் சிரிப்பைத்தான்.

புதன்கிழமை வாட்ஸ்அப்பில் போர்டின் படம் வந்தது. வரிசையில் நாலாவது கலாவதி. யாரோ, "கம்ப்யூட்டர்ல போட்டு நேராக்கியிருக்கலாமே" என்றார்களாம். "நேராத்தான் எடுத்தது" என்று சொல்லிவிட்டாராம்.

எனக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அடுத்தவரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, நம் சங்கடத்தை எத்தனை பேர் மேல் ஏற்றியிருக்கிறோம்? பழைய ஃபோல்டர்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்... நான் மங்கலாக்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியின் தலையில் இருக்கும் என் படம் பன்னிரண்டு வருஷம் பழசு — இப்போது அத்தனை முடி கிடையாது.