ஒட்டு தெரியாத பக்கம்

எங்கள் செவிலியர் பள்ளி நூலகரைப் பசை அக்கா என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். அவர் விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்து கிடக்கும். அதை உரித்துக்கொண்டேதான் பேசுவார். முதலாண்டுப் பிள்ளை ஒருத்தி வாசலில் தலையைக் காட்டினால் போதும், உடற்கூறியல் ஒன்று, செவிலிய அடிப்படைகள் ஒன்று, மருந்துக் கையேடு ஒன்று என்று மேசையில் எடுத்துவைத்துவிடுவார். "மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல இந்த மூணையும் கரைச்சுக் குடி" என்பார். பாடம் நடத்துகிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அதில் எரிச்சல்தான். ஆனால் பிள்ளைகள் அவர் சொன்னதைப் படித்துத்தான் தேறினார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

தேர்வு நெருங்கினால் எங்கள் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது. மருந்துக் கையேட்டை வெளியே கொண்டுபோக அனுமதியில்லை, ஆகவே வேண்டிய பக்கத்தைக் கிழித்து மடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நாளைக்கு ஊர் உயிரைக் காப்பாற்றப் போகிற புண்ணியவதிகள். அக்கா திட்டித் தீர்ப்பார், பிறகு பசையை எடுப்பார். கழித்துக்கட்டிய பழைய புத்தகங்களை அவர் தூக்கிப்போட விடமாட்டார். பட்டறைக்காரர் ஓடாத வண்டியை உதிரிபாகத்துக்காக வைத்திருப்பதுபோல ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். அதிலிருந்து அதே மருந்தின் பக்கத்தைத் தேடி வெட்டி, ஓரம் நறுக்கி, ஒட்டி, மேலே பாரத்தை வைத்துவிடுவார். "எங்க ஒட்டியிருக்கேன்னு கண்டுபிடிங்க பார்ப்போம், டீச்சர்" என்று என்னிடம் நீட்டுவார். நான் ஒருமுறைகூடக் கண்டுபிடித்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள், இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் காலை வகுப்பறையிலேயே காய்ச்சலோடு வலிப்பு வந்துவிட்டது. எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குத்தான் தூக்கிவந்தார்கள். நான் மாணவிகளோடு அங்கேதான் இருந்தேன். முதல் ஊசியில் வலிப்பு நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அடுத்த மருந்தின் அளவை இளம் டாக்டர் எழுதினார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவர். செய்தி தெரிந்து ஓடிவந்து கட்டிலருகே நின்றிருந்த அக்கா அளவைக் கேட்டதும், இது பாதிதானே, புத்தகத்தில் இரண்டு மடங்கு போட்டிருக்கிறதே என்றார். பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுத்து எடுத்துக்கொடுத்து அவருக்கே பாதிப் பக்கங்கள் மனப்பாடம். ஒரு மாணவி ஓடிப்போய் நூலகத்திலிருந்து கையேட்டைக் கொண்டுவந்தாள். அக்கா சொன்னது சரியாகத்தான் இருந்தது. வார்டு சிஸ்டர் பார்த்தார், நானும் எட்டிப் பார்த்தேன். அச்சு பளிச்சென்று இருந்தது. அட்டையிலும் புதிய பதிப்பு என்றுதான் போட்டிருந்தது.

"குறைச்சுப் போட்டு என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது, டாக்டர்? புத்தகம் பொய் சொல்லுமா?" என்றார் அக்கா.

டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. தான் எழுதியதை அடித்துவிட்டுப் புத்தகத்தில் இருந்ததை எழுதினார். சிஸ்டர் மருந்தை ஊசியில் ஏற்றினார். அக்கா புத்தகத்தை விரித்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். பழக்க தோஷம், கட்டைவிரல் பக்கத்தின் உள்ளோரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் விரல் நின்றது. மெல்லிய மேடு. அது அவருடைய பசை.

சிஸ்டர் ஊசியைக் குழந்தையின் கையில் போட்டிருந்த குழாயில் பொருத்திவிட்டிருந்தார். அக்கா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். புத்தகம் தரையில் விழுந்தது.

"போடாதீங்க. இது நான் ஒட்டின பக்கம்."

நான் குனிந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சாக்கில் கிடந்த பழைய பதிப்பின் பக்கம் அது. அந்த அளவு குழந்தைகளின் மூச்சை அடக்கிவிடுகிறது என்று தெரிந்து, புதிய பதிப்பில் பாதியாகக் குறைத்திருந்தார்கள். டாக்டர் முதலில் எழுதியதுதான் சரி. அந்த அளவையே போட்டோம். வலிப்பு அடங்கியது, குழந்தை தூங்கிப்போனாள். டாக்டர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மகள் கண் விழித்துத் தண்ணீர் கேட்ட பிறகுதான் அக்கா வார்டைவிட்டு நகர்ந்தார். நேராக நூலகத்துக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். அலமாரியிலிருந்த மருந்துக் கையேடுகளையெல்லாம் தரையில் இறக்கி நடுவில் உட்கார்ந்தார். எவை ஒட்டிய பக்கங்கள் என்று அவராலேயே பார்த்துச் சொல்ல முடியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக விரலால் தடவினார். மேடு தட்டிய இடத்தில் கிழித்துப் போட்டார். சற்று நேரத்தில் அவர் மடி நிறையக் காகிதம். இத்தனை இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கடைசிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இனிக் கவலையில்லை, எல்லாவற்றையும் கிழித்தாயிற்று என்று ஏதோ ஆறுதல் சொல்லிவைத்தேன்.

"இதுல இருந்ததைக் கிழிச்சாச்சு, டீச்சர்" என்றார். "படிச்சு முடிச்சு எந்தெந்த ஊருக்கோ வேலைக்குப் போயிட்டாங்களே, அந்தப் பிள்ளைங்க. நான் சொன்ன மாதிரியே கரைச்சுக் குடிச்சுட்டுத்தானே போனாங்க?"