ஊரே தேடி வந்த கண்

என் ஓரகத்தி நாகஜோதியைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அவளும் வாயைத் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டாள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

ஜோதி வடமதுரைக்காரி. என் கொழுந்தன் சிவபிரகாஷுக்குக் கழுத்தை நீட்டுவதற்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். அவளைவிட நான் பதினைந்து வயது மூத்தவள். கல்யாணமாகி வந்த முதல் மாதமே, அரிசி புடைக்கும்போது நான் முறத்தைத் தள்ளித் தள்ளிப் பிடிப்பதைக் கவனித்துவிட்டாள். மறுநாளே பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அடுத்தவர் கண் எப்படிப் போகிறது என்று பார்ப்பது அவளுக்குக் கடையில் படிந்த பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் பிறகு கேலி பேசினோம்.

நிவிஷா பிறந்து ஒரு மாதம் இருக்கும். ஜோதி ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியைப் பிள்ளையின் முகத்துக்கு மேலே பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, செத்த நேரம் இங்க வந்து பாருங்க. வலது கண்ணு துணி போற பக்கம் போகுது. இடது கண்ணு போகல" என்றாள்.

"பச்சப்புள்ள கண்ணு அப்படித்தான் அலையும். மூணு மாசம் போனா தன்னால நிக்கும்" என்றேன். பொய் சொல்லவில்லை. என் பிள்ளைகள் இரண்டுக்கும் அப்படித்தான் இருந்தது.

"அலைஞ்சா பரவாயில்லக்கா. இது அலையவே மாட்டேங்குது."

இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. "கண்ணாடி தொடைச்ச கையி, இப்ப டாக்டராகிப் போச்சு" என்றேன். அடுப்படியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

எங்கள் நிலம் ஆத்தூருக்கும் செம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. தண்ணீருக்காக மூன்று தடவை ஆழ்குழாய் போர் போட்டும் மூன்றிலும் புழுதிதான் வந்தது. பிள்ளைக்கு நாற்பத்தைந்தாவது நாள் நான்காவது போர் போட்டார்கள். என் மாமனார் ஆண்டிச்சாமி பேத்தியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் புழுதியிலும் இரைச்சலிலும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யாராவது நிற்பார்களா? அவர் நின்றார். அறுநூறு அடியைத் தாண்டியதும் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. அவர் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். இடது கண் மூக்குப் பக்கமாகச் செருகியிருந்தது.

"மாறுகண்ணு! ஏத்தா புவனேசு, இங்க வந்து பாரு! மாறுகண்ணு இருந்தா அதிர்ஷ்டமுனு சும்மாவா சொன்னாக!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அன்றோடு எங்கள் வீட்டில் நிவிஷா என்ற பேர் போய்விட்டது. எல்லோருக்கும் அவள் பாக்கியம்தான். ஜோதி மட்டும் நிவி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

செய்தி ஊருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? விடிந்தால் வாசலில் ஆள். தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறவர், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்புகிறவர், புது டிராக்டருக்கு மாலை போட்டு ஓட்டி வந்தவர், எல்லோருக்கும் அந்த முகத்தில் விழித்துவிட்டுப் போக வேண்டும். முகத்தில் என்றால் முகத்தில்கூட இல்லை. "அந்தக் கண்ணு நம்ம மேல படுற மாதிரி செத்த திருப்பிக் காட்டுங்கத்தா" என்று கேட்பார்கள். மாமனார் பிள்ளையை வாங்கி, தாடையைப் பிடித்து, இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். பால் குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, எடுத்துவரச் சொல்லுவார். ஒருநாள் ஜோதி கதவைச் சாத்திக்கொண்டு திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த மகாலட்சுமியைப் பூட்டி வைக்கிறாளே என்று அவர் தெருவே கேட்கக் கத்தினார். நானும் போய்க் கதவைத் தட்டினேன்.

பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிந்தது. கண் ஒரேயடியாக மூக்கோரம் போய்த் தங்கிவிட்டது. ஜோதி தன் பழைய கடை முதலாளியிடம் கேட்டு, திண்டுக்கல்லில் குழந்தைகளுக்குக் கண் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வியாழக்கிழமை காலையில் வரச் சொல்லி நேரம் வாங்கி வைத்திருந்தாள். பிள்ளைக்குத் துணிமணி, வெந்நீர் பாட்டில், மாற்றுத் துண்டு எல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

அதே வியாழக்கிழமைதான் செம்பட்டியில் என் தம்பி போர் போட்டான். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்து இடம் குறித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். புதன்கிழமை தம்பி போன் பண்ணி, "அக்கா, அந்தப் புள்ளைய ஒரு தடவ கூட்டியாந்து அந்த எடத்தப் பாக்க வச்சுட்டுப் போயேன்க்கா" என்றான். நான் மாமனாரிடம் கேட்டேன், மாமனார் சிவபிரகாஷிடம் சொன்னார். சிவபிரகாஷ் பொண்டாட்டியைப் பார்த்து, "டாக்டரு எங்க போயிறப் போறாரு, அடுத்த வாரம் போலாம்" என்றான். ஜோதி என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றாள். நான் சொல்லவில்லை. எனக்கு என் தம்பி வயல்தான் பெரிதாக இருந்தது. இதற்கு மேல் இதைப் பூசி மெழுக எனக்கு இஷ்டம் இல்லை.

அவள் எடுத்து வைத்திருந்த அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளையை நான்தான் தூக்கிப்போனேன். குறித்த இடத்தில் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பிள்ளையின் முகத்தைத் தரைக்கு நேராகக் குனிய வைத்துக் காட்டினோம். எழுநூற்று முப்பது அடி போனார்கள். ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமனார் யோசித்தார். "புள்ள கண்ணத் தொறந்து பாத்துச்சா, தூங்கிருச்சா?" என்று கேட்டார். வெயிலில் கண்ணை மூடிக்கொண்டது என்றேன். "அதான்" என்றார். அதிர்ஷ்டத்தின் மேல் ஒரு தூசி விழவில்லை. தப்பெல்லாம் வெயில் மேல் போய்விட்டது.

அடுத்த வாரம் என்று சொன்னது வரவே இல்லை. அதற்குள் மாமனாருக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா கண்ண நேராக்கி விட்டுருவாய்ங்க. அப்புறம் என்ன இருக்கு?" என்றார். சிரிக்காதீர்கள். நோய்க்கு வைத்தியம் பலிக்காதோ என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பலித்துவிடுமே என்று பயந்த வீடு எங்கள் வீடு. தடுப்பூசிக்குப் போகும்போதுகூட ஜோதியோடு ஓர் ஆளை அனுப்பினார், அப்படியே திண்டுக்கல் பஸ் ஏறிவிடுவாளோ என்று. பெரும்பாலும் போனது நான்.

சிவபிரகாஷ் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். போர்த் தண்ணீரில் கத்திரியும் முருங்கையும் தழைத்து நின்றன. வாழ்க்கையில் முதன்முதலாக அவன் விசில் அடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வந்தவளாகத்தான் அவன் கண்ணுக்கு ஜோதி தெரிந்தாள். அவள் அழுதால் எழுந்து வெளியே போய்விடுவான்.

பத்தாவது மாதம். பிள்ளை உட்கார்ந்து ஒரு கரண்டியை வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஜோதி என்னைக் கூப்பிட்டாள். தன் உள்ளங்கையால் பிள்ளையின் இடது கண்ணை மூடினாள். பிள்ளை பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு கையை மாற்றி வலது கண்ணை மூடினாள். கரண்டி கீழே விழுந்தது. பிள்ளை வீறிட்டுக் கத்தி, அம்மாவின் கையைப் பிறாண்டித் தள்ளியது. கையை எடுத்ததும் அழுகை நின்றது. மறுபடி இடது கண்ணை மூடினாள். ஒன்றுமே நடக்காத மாதிரி பிள்ளை கரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டது.

"புரியுதாக்கா?"

புரிந்தது. புரியாமல் என்ன? அப்போதும் என் வாய், "ஒரு பக்கமா கூசும்போல" என்றது.

அவள் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைக் கடந்தாள். "எங்கத்தா போற?" என்று மாமனார் கேட்டதற்கு, "திண்டுக்கல்லுக்குப் போறேன் மாமா. தடுத்தீகன்னா அப்படியே வடமதுரைக்குப் போயிருவேன், திரும்ப வர மாட்டேன்" என்றாள். கல்யாணமாகி வந்து அவள் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். துணைக்குப் போனேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்வதை என் காதால் கேட்கத்தான் போனேன்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் உட்கார வைத்து, இருட்டறைக்குள் கூட்டிப்போய் விளக்கடித்துப் பார்த்தார்கள். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பிறவியிலேயே இடது கண்ணில் புரை இருக்கிறது, உள்ளே பின்பக்கமாக இருப்பதால் வெளியே தெரியவில்லை என்றார். அந்தக் கண்ணால் பார்க்க முடியாததால்தான் அது மூக்கோரம் ஒதுங்கிவிட்டது. மூளை அந்தக் கண்ணைப் பழகாமலே விட்டுவிட்டது. இப்போது புரையை எடுத்தாலும் வெளிச்சம், நிழல் தெரியலாம், அதற்குமேல் நம்பிக்கை கொடுக்க முடியாது என்றார்.

"எப்பம்மா கவனிச்சீங்க?"

"முப்பதாவது நாளு."

"அப்பவே கவனிச்சுட்டு, இத்தனை மாசம் ஏன் கொண்டு வரலை? ரெண்டு மாசத்துல வந்திருந்தாக்கூட நல்ல வாய்ப்பு இருந்திருக்குமே."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் இப்போது என்னைக் கை காட்டுவாள் என்று நினைத்தேன். காட்டட்டும் என்றுகூட நினைத்தேன். ஜோதி பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டபடி, "வீட்ல வேல இருந்துச்சும்மா" என்றாள். டாக்டரம்மா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற பிள்ளையைவிட வேலை முக்கியமாகப் போனவளைப் பார்க்கிற பார்வை. அதை அவள் வாங்கிக்கொண்டாள். எனக்கு வர வேண்டிய பார்வை அது.

புரையை எடுத்தார்கள். சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். தினமும் நாலு மணி நேரம் நல்ல கண்ணில் பிளாஸ்திரி ஒட்டி, கெட்ட கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொன்னார்கள். அந்த நாலு மணி நேரம் எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும். பிள்ளை சுவரில் முட்டிக்கொண்டு அலறும். மாமனார் தோட்டத்துக்குப் போய்விடுவார். சிவபிரகாஷ் காதைப் பொத்திக்கொள்வான். ஜோதி ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சல் அன்றும், தீபாவளி அன்றும் ஒட்டினாள். வாசலுக்கு வந்தவர்கள் பிளாஸ்திரியையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளைக்கு இரண்டு வயது ஆனபோது, கண்ணை நேராக்கும் ஆபரேஷனைச் செய்துவிடலாம், பார்வை கூடிவிடாது, ஆனால் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ஒன்றரைக்கண் என்று கேலி பண்ணாமல் இருக்கும் என்றார் டாக்டரம்மா. அன்று வீட்டில் பெரிய ரகளை. "பார்வைதான் போச்சு. இருக்கிற அதிர்ஷ்டத்தையும் அறுத்துப் போடணுமா?" என்று மாமனார் குதித்தார். சிவபிரகாஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

ஜோதி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்புட்டுப் பேரு இந்தக் கண்ணு முன்னாடி வந்து நின்னாகளே மாமா. ஒருத்தரையாச்சும் இது பாத்திருக்கா?"

மறுவாரம் அவளே கையெழுத்துப் போட்டு ஆபரேஷனை முடித்தாள்.

இப்போது நிவிஷாவுக்கு மூன்று வயது. கண் இரண்டும் நேராக இருக்கின்றன. தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. போர்த் தண்ணீர் போன கோடையில் குறைந்து, இப்போது நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடுகிறது. மாமனார் அதற்கும் ஆபரேஷனைத்தான் காரணம் சொல்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்த கிண்ணத்தோடு ஜோதியின் அறைக்குப் போனேன். பிள்ளை நல்ல கண்ணில் பிளாஸ்திரியோடு பாயில் உட்கார்ந்திருந்தது. இப்போதெல்லாம் அழுவதில்லை, பழகிவிட்டது. நான் கதவருகே நிற்பதைப் பார்த்த ஜோதி, பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கிட்டே வரச் சொன்னாள். பிள்ளைக்கு இரண்டடி முன்னால் போய் நின்றேன்.

"நிவி, முன்னாடி யாரு நிக்கிறா? நல்லாப் பாத்துச் சொல்லு."

பிள்ளை தலையை நிமிர்த்தியது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண் நேராக என் முகத்தையே பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"யாருமில்லம்மா" என்றது.

ஜோதி அதைத் திருத்தவில்லை.