பாஸ்கல் வாங்கும் மூவாயிரம்

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறியதும் பாஸ்கல் சம்பளச் சீட்டை விரிப்பார். கட்டைவிரல் கடைசி வரியை மூடிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காவிட்டால் அவரே வாயைத் திறப்பார். "மூவாயிரம், மச்சான். நம்ம கம்பெனின்னா இன்னான்னு நெனச்சே?"

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். இருபத்திரண்டு வருடமாக, பிடித்தத்துக்கு முந்தைய தொகையை, சீட்டில் 'கிராஸ்' என்று போட்டிருப்பதைத்தான் சம்பளம் என்று சொல்லி வருகிறார். பி.எஃப்., இ.எஸ்.ஐ., சொசைட்டிக் கடன், பண்டிகை அட்வான்ஸ் எல்லாம் போய்க் கைக்கு வருவது ஆயிரத்து எழுநூற்று நாற்பது. அதை ஒப்புக்கொள்ள மனிதருக்கு நா எழாது. "பி.எஃப். இன்னா அடுத்தவன் துட்டா? கேன்டீன்ல எட்டணாவுக்கு சாப்பாடு, மாசம் ரெண்டு சோப்பு, வருசத்துக்கு ஒரு பூட்ஸு... கூட்டிக்கினே போ, மூவாயிரமே கம்மி!" நியாயம் என்னவோ அவர் பக்கம்தான். ஆனால் மளிகைக் கடைக்காரர் அரிசிக்குச் சோப்பை வாங்கிக்கொள்வதில்லையே!

இந்தச் சவடால் போன ஞாயிற்றுக்கிழமை வினையாக வந்து முடிந்தது. மகள் ஹில்டாவைப் பெண் பார்க்க நசரத்பேட்டையிலிருந்து கிறிஸ்துதாஸ் தன் பையனோடு வந்திருந்தார். ஹில்டாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. கதவோரம் நின்றவளின் முகமே சொன்னது. கிறிஸ்துதாஸ் பஜ்ஜியைக் கடித்தபடி, "மூவாயிரம் வாங்குறதா ஏரியாவே பேசிக்கினு கீது. மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டர் எடுத்துக் குடுக்க மாட்டீங்களா?" என்றார்.

பாஸ்கல் மனசுக்குள் கணக்குப் போட்டார். சரி என்றால் கடன் கழுத்தை நெரிக்கும். முடியாது என்றால் பெண்ணின் ஆசையில் மண் விழும். ஹில்டாவை ஒருமுறை பார்த்தார். "கைக்கு ஆயிரத்து எழுநூத்தி நாப்பதுதாண்ணே வருது," என்றார். வெளியாள் யாரிடமும் அவர் சொல்லியிராத தொகை அது.

"அப்போ அந்த மூவாயிரம்?"

"அது... கிராஸு."

"சிலுவையேதாண்ணே," என்றாள் அடுக்களையிலிருந்து அவர் மனைவி சகாயமேரி. "சொமக்கலாம், செலவு பண்ண முடியாது."

கிறிஸ்துதாஸ் சிரிக்கவில்லை. பஜ்ஜியைக் கீழே வைத்தார், மகனைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம பையன் ரெண்டாயிரத்து ஐநூறு வாங்குறான்னு சொன்னேன் பாருங்க... அதுவும் கிராஸுதான்."

ஸ்கூட்டர் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. பாஸ்கல் தன் தட்டிலிருந்த கேசரியில் பாதியை வழித்து, கேட்காமலே சம்பந்தியின் தட்டில் வைத்தார்.