மாமாவுக்கு வேண்டிய ஐந்து சென்டிமீட்டர்

இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்த ஒரு நீளமான பேண்டேஜ் துணி. அதில் நீல மையால் கோடு கோடாகப் போட்டு, பக்கத்தில் பொடி எண்கள் எழுதியிருக்கும். மை ஊறிப் பாதி எண்கள் பூத்துப்போயிருக்கும். என் மாமா, அதாவது அம்மாவின் கடைசித் தம்பி, தன் நெஞ்சை அளப்பதற்குத் தானே தயாரித்த அளவு நாடா அது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் ராஜபாளையத்தில் அவர் வேலை பார்த்தார். துணிக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓட்டமாகவே வந்து சேருவார். வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, "ஏட்டி, நாடாவ எடு" என்பார். எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. முதன்முதலில் அவரை அளந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்குப் போலீசாக வேண்டும். வேறு ஆசையே கிடையாது. எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் பட்டாளத்திலோ போலீசிலோ இருந்தார்கள். கல்யாண வீடுகளில் அவர்களுக்கு நாற்காலி போடுவார்கள். மாமாவைச் சாம்பார் வாளி தூக்கச் சொல்வார்கள். அவருக்கு உயரம் இருந்தது. ஓட்டத்தில் முதல் ஆளாக வருவார், கயிற்றில் ஏறுவதைப் பார்த்தால் கண்பட்டுவிடும். நெஞ்சளவுதான் காலை வாரியது. மூச்சை விட்டு நிற்கும்போது ஓர் அளவு எடுப்பார்கள். இழுத்து நெஞ்சை விரித்தபின் இன்னோர் அளவு. முதல் அளவு எண்பத்தொரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டராவது வித்தியாசம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏழு வந்தது. விருதுநகர் மைதானத்தில் நான்குதான் வந்தது. பேண்டேஜ் துணி இழுத்த இழுப்புக்கு நீளும் என்பது, நாள் முழுக்க அதையே நெய்கிற மனிதருக்குத் தோன்றவில்லை. முதல் அளவுக்கு இறுக்கிப் பிடித்தும், இரண்டாவது அளவுக்கு மாமா மேலிருந்த பாசத்தில் தளர்த்திப் பிடித்தும் அந்த ஏழு சென்டிமீட்டரைக் கொண்டுவந்தவள் நான்தான். அதை அவரிடம் சொல்ல எனக்கு வெகுநாள் துணிச்சல் வரவில்லை.

அடுத்த தடவைக்குத் தையல்காரரிடம் நல்ல டேப் வாங்கினோம். மாமா தண்டால் எடுத்தார், பஸ்கி எடுத்தார், பச்சை முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ஒரு வருடத்தில் சட்டைப் பொத்தான்கள் தெறிக்கிற அளவுக்கு ஆள் உப்பிவிட்டார். முன்பு எண்பத்து நான்கும் எண்பத்து எட்டுமாக இருந்த அளவுகள், எண்பத்து எட்டும் தொண்ணூற்று இரண்டுமாக ஆயின. வித்தியாசம் அதே நான்கு. அந்த முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த முறைதான் கடைசி. அதோடு வயது வரம்பு முடிகிறது. அதிலும் தவறினால் ஆயுசுக்கும் தறிதான். அம்மா எங்கள் ஊர்ப்பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றின் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு சனிக்கிழமை விடாமல் மலையேறினாள்.

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தேன். எங்கள் விலங்கியல் டீச்சர் ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினார். உள்ளே இரண்டு பலூன்கள் தொங்கின, அடியில் ரப்பர்த் தாள் கட்டியிருந்தது. தாளைக் கீழே இழுத்தால் பலூன்கள் விரிந்தன, விட்டால் சுருங்கின. "நுரையீரலுக்குத் தானா விரியத் தெரியாது பிள்ளைகளா. கூடு விரிஞ்சாத்தான் அது விரியும்" என்றார். கூட்டின் அடித்தளமாக இருக்கிற உதரவிதானம் கீழே இறங்கும், விலா எலும்புகள் வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல மேலேறும், காற்று தானாக உள்ளே வரும். இழுப்பதற்குத்தான் தசைகள் பாடுபட வேண்டும், விடுவதற்குச் சும்மா இருந்தாலே போதும் என்று அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் இத்தனை நாளும் மாமா இழுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம். விடுவதை யாரும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனியனோடு அவரை நிற்கவைத்து விலாவை எண்ணினேன். பன்னிரண்டு ஜோடி. மேலே உள்ள ஏழும் மார்பெலும்போடு நேராகச் சேர்ந்திருக்கும். அடுத்த மூன்றும் மேலே இருப்பதன் குருத்தெலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசி இரண்டும் முன்பக்கம் எதையும் தொடாமல் நின்றுவிடும். ஒன்பதாவதைத் தாண்டுவதற்குள் கூச்சம் தாங்காமல் மாமா நெளிந்து சிரித்தார். சிரித்து முடித்து மூச்சை விட்டு நின்ற பிறகும் விலாக்கள் மேலேயேதான் நின்றன. நான் இன்றைக்கு மதுரையில் ஒரு நெஞ்சக வார்டில் நோயாளிகளுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். இப்படித் தூக்கிப் பிடித்த நெஞ்சு எத்தனையோ பார்த்தாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்ததுதான் முதல்.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சின்ன வயதில் மாமா ஒல்லிக்குச்சி. தெருவில் ஆளாளுக்குக் கேலி செய்திருக்கிறார்கள். பதினைந்து வயதில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கத் தொடங்கியவர், பிறகு அதை இறக்கவே இல்லை. கடைக்குப் போனாலும் அப்படித்தான், பந்தியில் பரிமாறினாலும் அப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நாற்காலியில் கண்ணசந்தபோது மெதுவாக டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். எண்பத்தாறு. இரண்டு சென்டிமீட்டரை வீறாப்பிலேயே செலவழித்துக்கொண்டிருந்தார்.

எழுப்பிச் சொன்னேன். துணி நாடாவில் நான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். அதற்கு அவர் கோபப்படவில்லை. நெஞ்சை இறக்கச் சொன்னதற்குத்தான் கோபப்பட்டார். "போலீஸ்காரவுக முன்னாடி கூனிக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?" என்றார். அதன்பிறகு எட்டு வாரம் முயன்றோம். தோளைத் தொங்கவிடச் சொன்னால் கழுத்து விறைத்தது. சும்மா இருங்கள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அவரால் விழித்திருக்கும்போது ஒரே ஒரு தடவைகூட எண்பத்தாறுக்கு இறங்க முடியவில்லை. கடைசி ஞாயிறன்று டேப்பை மடித்துவைத்துவிட்டு நான் அழுதேன். அவர்தான் என் தலையைத் தட்டிச் சமாதானப்படுத்தினார், அப்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மைதானத்துக்குப் போன அன்று சாயங்காலம் அம்மாவும் நானும் வாசலிலேயே நின்றோம். தெருமுனையில் ஓர் ஆள் தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு மெல்ல நடந்து வந்தது. பக்கத்தில் வரும்வரை அது மாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தறி எங்கேயும் போய்விடாது, நீ சாப்பிடு முதலில் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

மாமா தண்ணீர் குடித்துவிட்டு, நடந்ததை நிதானமாகச் சொன்னார். டேப்பைப் பிடித்த அதிகாரி, வழக்கம்போல விறைத்து நின்றவரைப் பார்த்து, இது எத்தனாவது தடவை என்று கேட்டிருக்கிறார். மூன்றாவது ஐயா, இதோடு வயது முடிகிறது, இனிமேல் வரமாட்டேன் என்று மாமா பதில் சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும் எங்கிருந்தோ ஒரு பெருமூச்சு வந்து, நெஞ்சு அப்படியே அடங்கிவிட்டதாம். சுற்றியிருந்த டேப் தொளதொளவென்று ஆகவும், அதிகாரி அதை மறுபடி இழுத்துப் பிடித்து, எண்பத்தாறு என்று எழுதினாராம். பிறகு இழுக்கச் சொன்னாராம். இழுத்தால் தொண்ணூற்று இரண்டு.

"ஆறு வந்துட்டுக்கா. எடுத்துக்கிட்டாக" என்றார்.

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"பொறவு ஏம்ல தோத்தவன் கணக்கா நடந்து வந்தே? எம்புட்டு பதறிப்போனேன் தெரியுமா?"

மாமா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டார். பிறகு வெட்கத்தோடு சொன்னார்.

"என் நெஞ்சே இம்புட்டுதாங்க்கா."