கொம்பு தேய்ந்த நாலணா

இன்று காலை பால் வாங்கப் போனபோது, எங்கள் தெரு மளிகைக்கடை அக்கா ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் செல்லாத நாலணாக்களை என் முன் கொட்டினார். திருச்செங்கோட்டில் காண்டாமிருகம் போட்ட நாலணாவுக்காக அலைகிற ஒரே ஆள் நான்தான் என்பது அவருக்குத் தெரியும்.

நான் சேர்ப்பது வகைக்கு ஒரே ஒரு நாணயம். ஒன்றுதான் என்பதால் அது குறையில்லாததாக இருக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து லென்சை எடுத்தேன். (ஆமாம், பால் வாங்கப் போகும்போதும் லென்சு உண்டு.)

ஒன்றில் கறை. ஒன்றில் கீறல். இன்னொன்றில் எல்லாம் சரி, காண்டாமிருகத்தின் கொம்புதான் தேய்ந்திருந்தது. ஒதுக்கினேன்.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சாமான் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா பொறுமையிழந்தார்.

"ஏஞ்சாமி, இத்தனை நொட்டை சொல்றீங்களே, பொண்ணு பாக்கப் போற எடத்துலயும் இப்படித்தானுங்களா? அதான் இன்னும் கண்ணாலம் ஆகுலீங்களா?"

"அங்க நொட்டை சொல்றது பொண்ணு ஊட்டுக்காரங்கதானுங்கக்கா."

ஏறிக்கொண்டே போகும் என் நெற்றியை அக்கா ஒரு பார்வை பார்த்தார். "அவங்களும் லென்சு வெச்சுத்தான் பாத்தாங்களா?"

"இல்லீங்க. வாசல்ல வண்டிய நிறுத்தி ஹெல்மெட்டக் கழட்டுனேன். அப்பவே முடிவு பண்ணிட்டாங்க."

அக்கா சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

ஒதுக்கி வைத்திருந்த அந்தக் கொம்பு தேய்ந்த நாலணாவையே எடுத்துக்கொண்டு, பாலை மறந்துவிட்டு, வீடு வந்து சேர்ந்தேன்.

பெண் வீட்டார் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வரலாம். லென்சு நானே தருகிறேன். ஹெல்மெட்டை மட்டும் கழற்றச் சொல்லக் கூடாது.